பூக்கடைத் தராசுகளுக்கு ஒரே இன்டர்ஃபேஸ்: பைத்தான் பில்லிங் புரோகிராமைப் பிரித்துக் கட்டிய குறிப்பு

வேலைக்கு வந்தது மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள ஒரு கமிஷன் கடையின் பில்லிங் புரோகிராம். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கமிருந்து மல்லிகை வந்து இறங்கும். எடை, அன்றைய விலை, கமிஷன், கூலி எல்லாம் கணக்காகி விவசாயிக்கு ஒரு சீட்டு, வாங்குகிறவருக்கு ஒரு சீட்டு. முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறுகிற ஏற்றத்தில் 100 கிராம் பிசகினாலும் மேசை முன்னால் சண்டைதான்.

புரோகிராம் முதலில் ஒரே ஒரு தராசுக்காக எழுதப்பட்டது. பிறகு வேறு கம்பெனித் தராசு ஒன்று சேர்ந்தது. தராசு மக்கர் பண்ணினால் எடையைக் கீபோர்டில் தட்டிக்கொள்ள ஒரு வழியும் ஒட்டுப்போடப்பட்டது. பைத்தான் என்பதால் எதுவும் தடுக்கவில்லை: மூன்றுக்கும் 'ரீட்' என்று ஒரு மெத்தட் (ஆப்ஜெக்டிடம் பெயர் சொல்லி அழைக்கும் செயல்) இருந்தது, அதனால் ஓடியது.

டைனமிக் டைப்பிங் உள்ள, அதாவது வகையை ஓடும்போதுதான் பார்க்கிற மொழியில் இன்டர்ஃபேஸ் (எல்லா டிரைவரும் பின்பற்ற வேண்டிய பொது ஒப்பந்தம்; டிரைவர் என்பது தராசோடு பேசும் கோடு) எதற்கு, மெத்தட் இருந்தால் ஓடப்போகிறது, இல்லாவிட்டால் எர்ரர் வரப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. மெத்தட் பெயர் பொருந்துவது இதில் மிகச் சின்னப் பங்கு. கிலோவா கிராமா, நிலைத்த எடையா ஆடுகிற எடையா, இப்போது வைத்த கூடையா முந்தைய கூடையா, தகவலே வராவிட்டால் என்ன திரும்பும் என்பவைதான் காசைத் தின்னும் கேள்விகள். இவற்றுக்கான பதில் ஒரே இடத்தில் எழுதப்பட்டு, அதை மீறுகிற டிரைவர் கடை திறக்கும்போதே நின்றுவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலை.

கம்பியும் பெட்டியும்

தராசுகள் இரண்டு. 30 கிலோ மேசைத் தராசு, 5 கிராம் படி (எடை 5 கிராம் தாவலில்தான் மாறும்). 100 கிலோ பிளாட்ஃபார்ம், 10 கிராம் படி. இரண்டிலும் பின்பக்கம் ஆர்எஸ்-232 போர்ட், 9600 பாட், 8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். கேட்காமலே எடையைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும் முறையில் இருப்பதால் இரண்டு கம்பி போதும்: தராசின் அனுப்பும் பின்னிலிருந்து கம்ப்யூட்டர் பக்க 9 பின் கனெக்டரின் 2-ஆம் பின்னுக்கு ஒன்று, 5-ஆம் பின் கிரவுண்டுக்கு ஒன்று. தராசின் அனுப்பும் பின் 2 அல்லது 3, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை வைத்துக் கிரவுண்டுக்கு எதிராக அளந்தால், சும்மா இருக்கும்போது மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டுகிற பின்தான் அது. இதே காரணத்தால் அந்தக் கம்பியைச் சின்ன கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பையின் 3.3 வோல்ட் பின்களில் நேராகச் செருகக் கூடாது. போர்டு போய்விடும். யுஎஸ்பி–சீரியல் கன்வர்ட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

முத்திரை போட்ட தராசின் உடம்பைத் திறக்காமல் வேலையை வெளிப் போர்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முத்திரை உடைந்தால் தொழிலாளர் துறையின் மறு முத்திரை வரை அந்தத் தராசில் வியாபாரம் செய்ய முடியாது. இன்னொன்று, பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கன்வர்ட்டர் தரையிலோ தராசின் அடியிலோ கிடந்தால் பின்னில் பச்சை பிடிக்கும். ஆர்எஸ்-232 கம்பியை 9600 பாட்டில் 15 மீட்டர் வரை தாராளமாக நீட்டலாம் என்பதால் கன்வர்ட்டரை பில் மேசைப் பக்கமே வைத்துக்கொள்ளலாம்.

மலிவான சிஎச்340 கன்வர்ட்டர்களில் பெரும்பாலும் தனி சீரியல் நம்பர் இருக்காது. இரண்டைச் செருகினால் லினக்ஸ் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். பிடுங்கிச் செருகினால் 0 என்பது 1 ஆகிவிடும், மேசைத் தராசு எடை பிளாட்ஃபார்ம் பில்லில் விழும். எந்த யுஎஸ்பி ஓட்டை என்பதை வைத்து அடையாளம் காட்டும் பை-பாத் டைரக்டரியின் பெயரையே செட்டிங்ஸில் எழுத வேண்டும். எஃப்டிடிஐ சிப் என்றால் பை-ஐடி போதும். புரோகிராம் ஓடும் யூசர் டயல்அவுட் குழுவில் இல்லாவிட்டால் போர்ட்டே திறக்காது.

இரண்டு தராசும் அனுப்புகிற வரி வேறு வேறு. மேசைத் தராசு 18 பைட் வரி அனுப்புகிறது: முதல் இரண்டெழுத்து எஸ்டி என்றால் எடை நிலைத்துவிட்டது, யுஎஸ் என்றால் இன்னும் ஆடுகிறது, ஓஎல் என்றால் கொள்ளளவு மீறிவிட்டது. அடுத்து மொத்த எடையா நிகர எடையா என்ற குறி, பிறகு எண், யூனிட், வரி முடிவு. பிளாட்ஃபார்ம் தராசு ஒரு சமக்குறி போட்டு இலக்கங்களைத் தலைகீழாக அனுப்புகிற ரகம். திரையில் 12.340 என்றால் கம்பியில் 043.21 வரும். இதைத் திருப்பாமல் படித்தாலும் 43.21 என்று ஒழுங்கான எண்தான் கிடைக்கும், எர்ரர் எதுவும் வராது. நிலைத்ததா இல்லையா என்ற குறியும் இதில் கிடையாது.

பழைய புரோகிராம் எங்கே சறுக்கியது

மேசைத் தராசின் 'ரீட்' கிலோவை ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) தந்தது. பிளாட்ஃபார்மின் 'ரீட்' ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்தாக) தந்தது, பில் போடும் இடத்தில் அதை ஃப்ளோட் ஆக்கினார்கள். கீபோர்டு வழி கிராமில் வாங்கியது. தகவல் வராவிட்டால் ஒன்று 0 தந்தது, இன்னொன்று நன் (None, 'எதுவும் இல்லை') தந்தது. அழைக்கிற இடத்தில் 'எடை இருந்தால்' என்று ஒரே ஒரு இஃப். பைத்தானில் 0-வும் நன்னும் அந்த இஃப்பில் ஒன்றுதான். காலித் தட்டா, கழன்ற கம்பியா என்று அதற்குத் தெரியாது.

கிலோவை ஃப்ளோட்டாகப் பிடிப்பதில் தனியாக ஒரு பள்ளம். திரையில் 1.005 கிலோ. அதை ஃப்ளோட் ஆக்கி 1000-ஆல் பெருக்கினால் 1004.9999999999999. இன்ட் ஆக்கினால் 1004 கிராம். 5 கிராம் படியுள்ள தராசு 1004 காட்டவே காட்டாது. தராசு அனுப்பிய எழுத்தை டெசிமலாகவோ, புள்ளியை எடுத்துவிட்டு நேராக இன்ட்டாகவோ மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றையும்விட மோசம், எடை வாசிக்கிற இடத்தைச் சுற்றிப் போட்டிருந்த அகலமான எக்ஸெப்ட் (பிழையைப் பிடிக்கும் பகுதி). எந்த எக்ஸெப்ஷன் வந்தாலும் பிடித்து 'தராசு இணைப்பைச் சரிபார்க்கவும்' என்று திரையில் போட்டது. ஒரு டிரைவரில் மெத்தட் பெயர் தப்பாக இருந்தால் வருகிற அட்ரிபியூட் எர்ரரும் இதே செய்தியாகத்தான் தெரியும். புரோகிராமில் இருக்கிற பிழைக்குக் கடைக்காரர் கேபிள் மாற்றிக்கொண்டிருப்பார். டைனமிக் மொழியில் இன்டர்ஃபேஸ் மீறல் இப்படித்தான் ஹார்டுவேர் கோளாறு வேஷம் போடுகிறது. முதல் வேலையாக இந்த எக்ஸெப்டைச் சுருக்க வேண்டும்.

கீபோர்டு வழிக்கான ஆப்ஜெக்டைத் தராசு செத்தபிறகுதான் உருவாக்கினார்கள். அதில் 'க்ளோஸ்' மெத்தட் இல்லை. அதாவது தராசு மக்கர் பண்ணுகிற நேரத்தில், கூட்டம் நிற்கும்போது, மாற்று வழியும் விழும். அதுவரை அந்த வரி ஓடியதே இல்லை என்பதால் யாருக்கும் தெரியாது.

பெயர் பொருந்தினால் போதாது

முதலில் கை போகிற இடம் புரோட்டோகால். பைத்தான் 3.8-இல், 2019-இல் வந்தது. எந்த கிளாஸிலிருந்தும் பெறாமலே, தேவையான மெத்தட்கள் இருந்தால் போதும் என்று சொல்கிற ஏற்பாடு. அதன் மேல் ரன்டைம் செக்கபிள் என்ற டெக்கரேட்டரைப் போட்டால் ஐஸ்இன்ஸ்டன்ஸ் (ஆப்ஜெக்ட் இந்த வகையா என்று பார்க்கும் ஃபங்ஷன்) வைத்தும் கேட்கலாம்.

ஓப்பன், ரீட், க்ளோஸ் என்ற மூன்று மெத்தட்களோடு ஒரு புரோட்டோகால் எழுதி, அதில் தராசு டிரைவருக்குப் பதிலாகப் பைசீரியல் (சீரியல் போர்ட்டைப் படிக்கும் லைப்ரரி) தரும் சீரியல் போர்ட் ஆப்ஜெக்டையே கொடுத்துப் பாருங்கள். பாஸ் ஆகிவிடும். அதற்கும் ஓப்பன் உண்டு, ரீட் உண்டு, க்ளோஸ் உண்டு. டிரைவரின் ரீட் '2 வினாடி வரை காத்திரு' என்று 2-ஐ வாங்குகிறது. சீரியல் போர்ட்டின் ரீட் 2-ஐ வாங்கினால் 2 பைட் படிக்கும். ஓட்டத்தில் எந்த எர்ரரும் இல்லாமல் இரண்டு பைட் வந்து நிற்கும். ரன்டைம் செக்கபிள் பார்ப்பது பெயர் இருக்கிறதா என்பதை மட்டும்தான். ஆர்க்யுமென்ட் என்ன, திரும்புவது என்ன என்று அது பார்ப்பதில்லை.

இதற்கு இரண்டு மாற்றம் செய்தோம். மெத்தட் பெயரில் வேலை தெரிய வேண்டும்: ரீட் போய் 'எடை_எடு' வந்தது, ஓப்பன் 'தொடங்கு' ஆனது, க்ளோஸ் 'மூடு' ஆனது. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் இதில் சிக்கல் இல்லை. வேறு எந்த லைப்ரரியின் ஆப்ஜெக்டும் தற்செயலாகப் பொருந்தாது என்பது உபரி லாபம். இரண்டாவது, காத்திருக்கும் நேரத்தைப் பெயர் சொல்லித்தான் தர வேண்டும் என்று கீவேர்டு-மட்டும் ஆர்க்யுமென்ட் ஆக்கியது. வெறும் 2 இனி எங்கேயும் செல்லாது. 'வரம்பு_வினாடி' என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

தமிழ்ப் பெயர் வைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'தொடங்கு' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே யூனிகோடு எழுத்தாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. சோர்ஸ் கோடில் உள்ள பெயர்களைப் பைத்தான் தானே ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் பெயரை வைத்து மெத்தட் தேடும் கெட்அட்டர், ஹாஸ்அட்டருக்குத் தருகிற ஸ்ட்ரிங்கை அப்படிச் செய்யாது. மெத்தட் கண்ணெதிரே இருக்கும், இல்லை என்று சொல்லும். செட்டிங்ஸ் ஃபைலில் எழுதிய பெயரை வைத்து மெத்தட் தேடுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, டிரைவர்களை ஒரு டிக்ஷனரியில் பதிந்துவைப்பது நல்லது.

கடைசியில் புரோட்டோகாலை விட்டு அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸுக்கே (கட்டாய மெத்தட்களை அறிவிக்கும் தாய் கிளாஸ்) போனோம். பைத்தான் 2.6, 3.0 காலத்திலிருந்து, அதாவது 2008 முதல் இருப்பதுதான். டிரைவர்கள் எல்லாம் ஒரே புராஜெக்டுக்குள் எழுதப்படுபவை, பேஸ் கிளாஸிலிருந்து பெறச் சொல்வதில் சிரமம் இல்லை. பெற்றதும் ஒரு வசதி கிடைக்கிறது: அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் ஒன்று விடுபட்டால் ஆப்ஜெக்ட் உருவாக்கும் கணத்திலேயே டைப் எர்ரர் வரும். மெத்தடை அழைக்கும்வரை காத்திருக்காது. பிறத்தியார் லைப்ரரியிலிருந்து வருகிற ஆப்ஜெக்டை அப்படியே ஏற்க வேண்டிய இடத்தில்தான் புரோட்டோகால் சரி.

கவனிக்க, எர்ரர் வருவது ஆப்ஜெக்ட் உருவாகும்போதுதான், கிளாஸ் எழுதும்போது அல்ல. மாற்று வழியைத் தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் போட்டும் பயனில்லை. புரோகிராம் தொடங்கும்போதே மேசைத் தராசு, பிளாட்ஃபார்ம், கீபோர்டு மூன்றின் ஆப்ஜெக்டுகளும் உருவாகிவிட வேண்டும். போர்ட்டைத் திறப்பதை உருவாக்கும்போது செய்யாமல் 'தொடங்கு' மெத்தடுக்குத் தள்ளியதும் இதற்குத்தான். கம்பி செருகாத தராசு இருந்தாலும் ஆப்ஜெக்ட் உருவாகும், விடுபட்ட மெத்தட் மட்டும் பிடிபடும்.

அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸும் பெயரைத்தான் பார்க்கிறது. 'எடை_எடு' இருக்கிறது, ஆனால் வரம்பு ஆர்க்யுமென்ட் இல்லை என்றால் அது கண்டுகொள்ளாது. பிஎச்பி இந்த விஷயத்தில் கறார்: 2004-இல் வந்த பிஎச்பி 5 முதலே இன்டர்ஃபேஸ் உண்டு, மெத்தடின் ஆர்க்யுமென்ட் பொருந்தாவிட்டால் கிளாஸை ஏற்றும்போதே ஃபேட்டல் எர்ரர். அதே கறாரைப் பைத்தானில் கொண்டுவர, பேஸ் கிளாஸில் இனிட்-சப்கிளாஸ் என்ற, புது கிளாஸ் உருவாகும்போது தானே ஓடும் ஹூக்கில் இருபது வரிக்குள் ஒரு சோதனை போதும்: புது கிளாஸில் உள்ள ஒவ்வொரு மெத்தடின் சிக்னேச்சரையும் (ஆர்க்யுமென்ட் பட்டியல்) இன்ஸ்பெக்ட் மாட்யூல் வைத்து எடுத்து, பேஸ் கிளாஸின் சிக்னேச்சரோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் டைப் எர்ரர் எறிவது. இப்போது ஃபைலை இம்போர்ட் செய்யும்போதே நின்றுவிடும். இந்த ஹூக் ஓடுகிற நேரத்தில் அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்களின் பட்டியல் புது கிளாஸில் இன்னும் பதிவாகியிருக்காது. அதை நம்பி எழுதினால் அட்ரிபியூட் எர்ரர்தான் வரும். ஒப்பிட வேண்டிய மெத்தட் பெயர்களைத் தனியாக ஒரு ட்யூப்பிளில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரூபியில் பழகியவர்கள் பேஸ் கிளாஸ் மெத்தடில் நாட்-இம்ப்ளிமென்டட் எர்ரர் எறிவார்கள். அழைக்கும்வரை தெரியாது என்ற குறை ஒருபக்கம். ரூபியில் அது ஸ்டாண்டர்ட் எர்ரர் வம்சத்தில் இல்லாததால் சாதாரண ரெஸ்க்யூவில் சிக்காமல் புரோகிராமையே இறக்கிவிடும் என்பது இன்னொருபக்கம். இங்கே வேண்டியது அதுதான் என்றால் சரி, தெரியாமல் நடந்தால் கஷ்டம்.

ஒப்பந்தம்

பேஸ் கிளாஸில் 'எடை_எடு' மெத்தடின் டாக்ஸ்ட்ரிங்கில் (விளக்கக் குறிப்பில்) எழுதியதுதான் இந்த வேலையின் கனமான பகுதி. கோடு வெறும் நாலு வரி.

திரும்புவது இன்ட், யூனிட் கிராம். தராசுத் திரையில் அந்த நேரத்தில் தெரிகிற எண்ணாக இருக்க வேண்டும். விவசாயியும் வாங்குகிறவரும் பார்ப்பது திரையைத்தான், சீட்டில் வேறு எண் வந்தால் யாரும் ஒப்ப மாட்டார்கள். இதனால் கூடை எடையைப் புரோகிராமில் கழிக்கிற வசதியை அடியோடு எடுத்துவிட்டோம். கூடை கழிப்பது தராசின் டேர் பட்டனில் மட்டும்.

எடை நிலைத்ததாக இருக்க வேண்டும். எப்படி நிலைத்தது என்று அறிவது டிரைவரின் பாடு. மேசைத் தராசு டிரைவர் எஸ்டி வரும்வரை காத்திருக்கிறது. குறி இல்லாத பிளாட்ஃபார்ம் டிரைவர் அடுத்தடுத்து 5 வரியில் ஒரே எண் வந்தால்தான் தருகிறது. பில் பக்கத்துக்கு இந்த வித்தியாசம் தெரியவே கூடாது.

அழைத்தபிறகு தராசு அனுப்பிய எடையாக இருக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டால் யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள், ஆனால் இதில்தான் பணம் போகிறது. தராசு கேட்காமலே வினாடிக்கு 10 வரி அனுப்புகிறது. 18 பைட் வீதம் 180 பைட். பில் பக்கம் படிக்காமல் இருக்கும் நேரமெல்லாம் கெர்னலின் டெர்மினல் பஃபர் அதைச் சேர்த்துவைக்கும். அதன் 4096 பைட்டே ஏறத்தாழ 23 வினாடியின் எடை. படிக்கத் தொடங்கினால் முதலில் வருவது பழைய வரி: எஸ்டி குறியோடு, ஒழுங்கான எண்ணோடு, முந்தைய கூடையின் எடை. ஆகவே டிரைவர் முதலில் இன்புட் பஃபரைக் காலி செய்ய வேண்டும். பிறகு வருகிற முதல் வரியை, பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம் என்பதால், வீசிவிட வேண்டும். அதன் பிறகுதான் கணக்கு.

பாதி வரி இன்னொரு இடத்திலும் வரும். பைசீரியலின் ரீட்லைன் டைம்அவுட் ஆனால் எர்ரர் தராது. அதுவரை வந்த பைட்டுகளைத் தரும். 1.250 என்பதில் 1.2 வரை வந்திருந்தால் அதுவும் எண்தான். வரி முடிவு எழுத்து இல்லாத எதையும் டிரைவர் எடையாக எடுக்கக் கூடாது. டைம்அவுட்டே தராமல் போர்ட்டைத் திறந்தால் ரீட்லைன் காலத்துக்கும் காத்திருக்கும், திரை உறைந்துவிடும். இங்கே 0.3 வினாடி வைத்து, மொத்த வரம்பை வெளிச் சுற்றில் எண்ணுகிறோம்.

அந்த எண்ணிக்கைக்கு, நேரத்தைத் திருத்தினாலும் தாவாத மோனோடானிக் கடிகாரம்தான். ராஸ்பெர்ரி பை 4-இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. பூட் ஆகிக் கொஞ்ச நேரத்தில் நெட் கிடைத்ததும் நேரம் ஒரே தாவாகத் தாவும். சாதாரண டைம் ஃபங்ஷனை வைத்து வரம்பு பார்த்தால் கடை திறந்த முதல் பில்லிலேயே 'நேரம் கடந்தது' என்று வரும்.

தோற்றால் நன் கிடையாது, 0 கிடையாது, மைனஸ் 1 கிடையாது. 0 என்றால் தட்டு காலி என்று மட்டும் பொருள். தோல்விக்கு 'தராசுப்_பிழை' என்ற எக்ஸெப்ஷன், அதன் கீழே மூன்று பிள்ளைகள்: இணைப்பு அறுந்தது, நேரம் கடந்தது, கொள்ளளவு மீறியது. யுஎஸ்பியைப் பிடுங்கினால் பைசீரியல் தன் சீரியல் எக்ஸெப்ஷனை எறியும். டிரைவர் அதைப் பிடித்து 'இணைப்பு அறுந்தது' ஆக்கி, மூல எக்ஸெப்ஷனை ஃப்ரம் போட்டுக் கோத்து அனுப்ப வேண்டும். பில் பக்கம் பிடிப்பது தராசுப்_பிழை ஒன்றை மட்டும். அட்ரிபியூட் எர்ரர், டைப் எர்ரர் எல்லாம் மறைக்கப்படாமல் லாகுக்குப் போகும். கேபிளைக் குறை சொல்லும் செய்தி இனி கேபிள் பிழைக்கு மட்டும்தான் வரும்.

'மூடு' இரண்டு முறை அழைத்தாலும் சும்மா இருக்க வேண்டும், 'தொடங்கு' அழைக்காமலே அழைத்தாலும். சின்ன விதி, ஆனால் மாற்று வழிக்குத் தாவுகிற கோடு இதனால் பாதியாகக் குறைந்தது.

டெஸ்ட்: ஒன்றை எழுதி எல்லாவற்றின் மேலும் ஓட்டுவது

மேலே உள்ள விதிகளில் எந்த டைப் செக்கரும் பிடிக்கக்கூடியது முதல் விதியின் பாதி மட்டும். இன்ட் என்று சொல்லலாம், கிராம் என்று சொல்ல முடியாது. பழைய எடை வரக் கூடாது என்பதை எந்த டைப்பிலும் எழுத முடியாது. ஆகவே விதிக்கு ஒன்றாக டெஸ்ட் எழுதி ஒரு பொது கிளாஸில் வைத்தோம். ஒவ்வொரு டிரைவருக்கும் அதிலிருந்து பெறும் ஒரு சின்ன கிளாஸ், அதில் அந்த டிரைவரைத் தயார் செய்து தரும் ஃபிக்ஸ்சர் மட்டும். பொது கிளாஸின் பெயர் டெஸ்ட் என்று தொடங்கக் கூடாது, தொடங்கினால் பைடெஸ்ட் (டெஸ்ட் ஓட்டும் கருவி) அதையும் தனியாக ஓட்டப் பார்த்து ஃபிக்ஸ்சர் இல்லை என்று விழும். மெத்தட் பெயர்களை முழுக்கத் தமிழில் வைத்தால் பைடெஸ்ட் எடுத்துக்கொள்ளாமல் 'டெஸ்ட் எதுவும் இல்லை' என்று சொல்லிவிடும். முன்னொட்டை ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடுங்கள், அல்லது கான்ஃபிக்கில் மாற்றுங்கள்.

தராசை மேசையில் வைத்துக்கொண்டு டெஸ்ட் ஓட்ட வேண்டியதில்லை. லினக்ஸில் ஓப்பன்பிடிஒய் அழைத்தால் போலி டெர்மினல் ஜோடி கிடைக்கும். ஒரு முனையைப் பைசீரியல் நிஜப் போர்ட் போலத் திறக்கும், மறுமுனையில் டெஸ்ட் தராசு மாதிரி வரிகளை எழுதும். முனையை ரா மோடில் வைக்காவிட்டால் எழுதியதே எதிரொலித்துத் திரும்பி வரும். போலி முனை பாட் வேகத்தைப் பொருட்படுத்தாது என்பதால் 9600-க்குப் பதில் 2400 என்று தப்பாக செட்டிங் வைத்தாலும் டெஸ்ட் பாஸ். அந்த ஒன்றை நிஜத் தராசில்தான் பார்க்க வேண்டும்.

பழைய எடை டெஸ்ட் இப்படி: 1.250 கிலோ வரியை 20 தடவை எழுது. பிறகு ஒரு த்ரெட் 0.2 வினாடி கழித்து 3.400 கிலோ வரிகளை எழுதத் தொடங்கும். நடுவில் 'எடை_எடு' அழை. 3400 வர வேண்டும். பழைய டிரைவர்கள் இரண்டும் இதில் விழுந்தன. எண் சோதனையில் 1.005 கட்டாயம் இருக்கட்டும். டைப் சோதனையில் ஐஸ்இன்ஸ்டன்ஸ் வேண்டாம், பைத்தானில் ட்ரூவும் ஃபால்ஸும்கூட இன்ட்டின் பிள்ளைகள், பாஸ் ஆகிவிடும். டைப் நேராக இன்ட்தானா என்று கேட்க வேண்டும்.

பில் பக்கத்து டெஸ்டில் தராசுக்குப் பதிலாக வெறும் மாக் (போலி) ஆப்ஜெக்டை வைப்பவர்கள் கவனிக்க: அது எந்த மெத்தட் பெயரையும் ஏற்கும். 'எடை_எடு' என்பதை 'எடை_எடுப்பு' என்று மாற்றிவிட்டு பில் பக்கத்தில் மறந்தாலும் டெஸ்ட் பச்சைதான். கிரியேட்-ஆட்டோஸ்பெக் போட்டு தராசு கிளாஸையே மாதிரியாகத் தந்தால் பெயரும் ஆர்க்யுமென்டும் பொருந்தாதபோது விழும். எழுதிவைத்த இன்டர்ஃபேஸ் இருந்தால்தான் அதற்குத் தர ஒரு மாதிரி இருக்கும்.

டைப் செக்கரான மைபையும் ஓட்டுகிறோம். டைப் குறிப்பு எழுதாத ஃபங்ஷனின் உள்ளே அது இயல்பாக நுழைவதில்லை. பழைய கோடில் பெரும்பாலும் குறிப்பு இருக்காது என்பதால் 'பிழை இல்லை' என்று சொல்வதை நம்பி உட்காரக் கூடாது. செக்-அன்டைப்டு-டெஃப்ஸ் செட்டிங்கைப் போட்ட பிறகு வருகிற பட்டியல்தான் நிஜம்.

பிரின்டர்

இரண்டு தெர்மல் பிரின்டர், 58 மில்லிமீட்டர் ஒன்று, 80 மில்லிமீட்டர் ஒன்று. 'வரி அச்சிடு', 'தடிமன்', 'பேப்பர் வெட்டு' என்று பிரின்டர் செய்யக்கூடியதை எல்லாம் இன்டர்ஃபேஸில் அடுக்கத் தோன்றும். 58-இல் கட்டர் இல்லை. தமிழ் எழுத்தை வரியாக அனுப்பினால் இரண்டிலும் புரியாத குறிகள்தான் வரும். சீட்டை முழுப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும், 58-க்கு 384 புள்ளி அகலம், 80-க்கு 576. ஆகவே இன்டர்ஃபேஸ் ஒரே மெத்தட்: 'சீட்டு_அச்சிடு', வாங்குவது பில் ஆப்ஜெக்ட். படமா எழுத்தா, வெட்டவா கிழிக்கவா என்பதெல்லாம் உள்ளே. படம் வரையும் பில்லோ லைப்ரரியில் ராக்ம் (எழுத்துகளைச் சரியாக அடுக்கும் துணை லைப்ரரி) இல்லாவிட்டால் 'மொ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். 'தொடங்கு' மெத்தடிலேயே ராக்ம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் அங்கேயே எக்ஸெப்ஷன்.

எங்கே போடவில்லை

கமிஷன் கணக்கு, பில் நம்பர், விலைப்பட்டியல் எதற்கும் இன்டர்ஃபேஸ் இல்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது, இரண்டாவது வரப்போவதில்லை. சாதாரண ஃபங்ஷன். இரண்டாவது நிஜமாக வந்து நின்ற பிறகு பிரித்தாலும் பைத்தானில் அரைநாள் வேலை. முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் பேஸ் கிளாஸ் கட்டுகிற பழக்கம் ஜாவாவிலிருந்து வருகிறவர்களோடு வருகிறது, ஊக்குவிக்க வேண்டியதில்லை.

பேட்டரியில் ஓடுகிற மூன்றாவது தராசு ஒன்றை உசிலம்பட்டிப் பக்கக் கொள்முதல் இடத்துக்குச் சேர்த்தபோது, மிச்சம் எத்தனை சதவீதம் என்று காட்டும் மெத்தடைத் தராசு இன்டர்ஃபேஸில் போடலாமா என்ற கேள்வி வந்தது. போட்டால் மற்ற டிரைவர்கள் அனைத்தும் பொய்யாக 100 என்று தர வேண்டும், அல்லது நன் தர வேண்டும். விரட்டிய நன் பின்வாசல் வழியாக வந்துவிடும். அதற்கு 'பேட்டரி_உள்ளது' என்று ஒற்றை மெத்தடோடு தனிப் புரோட்டோகால் எழுதி, புரோகிராம் தொடங்கும்போது ஒரே ஒரு முறை ஐஸ்இன்ஸ்டன்ஸ் வைத்துக் கேட்டு, ஆம் என்றால் மட்டும் திரையில் பேட்டரிக் கட்டம் போடுகிறோம். இங்கே பெயர் மட்டும் பொருந்தினால் போதும், தப்பினாலும் பில் கெடாது. டிரைவருக்கு மேலே லாகுக்காக உறை போட்டு, கெட்அட்டர் ஹூக் வழியாக மெத்தட்களைக் கடத்துகிறவர்கள் மட்டும் பைத்தான் 3.12-க்கு மாறும்போது பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிப்பு முதல் இந்த ஐஸ்இன்ஸ்டன்ஸ் சோதனை அந்த ஹூக்கைக் கூப்பிடுவதில்லை. 3.11-இல் ஆம் என்றது இல்லை என்றாகும், எர்ரர் எதுவும் இல்லாமல் பேட்டரிக் கட்டம் காணாமல் போகும். உறையிலேயே அந்த மெத்தடை வெளிப்படையாக எழுதிவிட்டால் இரண்டு பதிப்பிலும் வேலை செய்யும்.